போல்ட்டின் தலையெழுத்து

வேலை முடிந்த பிறகு தரையில் ஒரு போல்ட் மிச்சமாகக் கிடக்கிறது. நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள்? அது கழன்று விழுந்த இடத்தையா, அதை மாட்ட மறந்த ஆளையா? அவசரப்பட்டு இடத்தைத்தான் என்று சொல்லிவிடாதீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆளைத்தான் தேடுவோம். இடத்தைத் தேட வேண்டுமானால் குனிய வேண்டும், கையில் அழுக்குப் பட வேண்டும், கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். ஆளைத் தேட விரலை நீட்டினால் போதும்.

அப்படி நீட்டிய விரலுக்கு முன்னால் ஒரு பிற்பகல் முழுக்க நின்ற ஒரு மெக்கானிக்கைப் பற்றிச் சொல்கிறேன். வயது நாற்பத்தாறு. பழைய கார்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் பதினொரு வருஷமாக வேலை. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் அட்டையக்கா.

எந்த வண்டியைப் பிரித்தாலும் முதலில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து, கழற்றப்போகும் பாகத்தை அதில் பேனாவால் வரைவார். எந்த போல்ட் எந்த மூலையில் இருந்ததோ படத்திலும் அதே மூலையில் ஓட்டை குத்திச் செருகிவைப்பார். திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றாக உருவுவார். அட்டை காலியானால் வேலை முடிந்தது. பட்டறையில் மற்றவர்கள் கழற்றியதையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டுவார்கள். மாட்டும்போது, "இது எங்கப்பா இருந்துச்சு?" என்று டப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அவர் லேசில் விடமாட்டார். "இது காகித அட்டை இல்லப்பா, ரத்தம் குடிக்கிற அட்டை," என்பார் மேஸ்திரி. பட்டறையின் மூத்த மெக்கானிக் அவர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே சொல்வார்.

"உங்க உடம்புல குடிக்கிறதுக்கு என்ன மேஸ்திரி இருக்கு? டீதானே ஓடுது," என்பார் அக்கா.

பத்தொன்பது வயதில் அவர் ஒரு தையல் ஆலையில் தைக்கத்தான் சேர்ந்தார். மெஷின் நின்றுவிட்டால் ரிப்பேர்காரர் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை மெஷினுக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். மூன்றாவது முறை திட்டு வாங்கிய அன்று அவரே திறந்து பார்த்தார். ஒரு வருஷத்தில் அந்த ஆலையின் நூற்றிருபது மெஷின்களுக்கும் அவர்தான் ரிப்பேர்காரர்.

திருகின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே ஒரு பள்ளம், அதன் பெயர் மரை. மூளை கலங்கியவனை 'மரை கழண்டவன்' என்கிறோமே, அதே மரை. கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும் இரண்டு திருகுகளில் ஒன்றின் மரை அங்குலக் கணக்கில் வெட்டியதாக இருக்கும், இன்னொன்று மில்லிமீட்டர் கணக்காக இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று சமர்த்தாக இறங்கும். அப்புறம் இறுகிக்கொள்ளும். முரட்டுத்தனம் பண்ணினால் திருகும் போச்சு, துளையும் போச்சு. இந்தப் பாடத்தைத் தையல் மெஷின்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. ஏனென்றால் அந்த மெஷின்களில் பாதி அங்குலம், பாதி மில்லிமீட்டர்.

ஆலையிலிருந்து அவரை அனுப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊசிக்குப் பக்கத்தில் விரல் போகாமல் தடுக்க ஒரு சின்னத் தகடு இருக்கும். தகடு இருந்தால் துணி நகரும் வேகம் குறைகிறது என்று மேலாளர் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். இரண்டாவது வாரம் ஒரு பெண்ணின் நகத்தைத் துளைத்துக்கொண்டு ஊசி இறங்கியது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், சாப்பிடாமல், ஒரு வரிசை முழுக்க நாற்பது மெஷினுக்குத் தகடுகளைத் திரும்ப மாட்டினார் அக்கா. மாலைக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் 'ஒழுங்குமீறல்' என்று எழுதியிருந்தது. கழற்றியது ஒழுங்காம், மாட்டியது மீறலாம். வார்த்தைகளுக்கு வாய் இருந்தால் அன்றைக்கு அவையே கூச்சல் போட்டிருக்கும்.

அப்புறம் பல வேலைகள் பார்த்துவிட்டு இந்தப் பட்டறைக்கு வந்தார். முதலாளி அவரைச் சேர்த்துக்கொண்டது பரந்த மனதால் அல்ல. அன்று இரண்டு மெக்கானிக்குகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள், வாசலில் ஏழு வண்டி காத்திருந்தது, அவ்வளவுதான். அக்காவின் வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். மனைவி வேலையைப் பற்றி யாராவது முகத்தைச் சுளித்துக் கேட்டால், கத்தரியை நிறுத்தாமலே சொல்வார்: "நான் ஊர்க்காரங்க தலையில கைய வைக்கிறேன். அவ வண்டிக்கு அடியில தலைய வைக்கிறா. யாருக்குத் தைரியம் ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க."

அந்த நாளுக்கு வருகிறேன்.

இருபத்துமூன்று வயதான ஒரு சின்னக் கார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் ஒரு நர்ஸின் வண்டி. அதன் கிளட்ச் தேய்ந்துபோய்விட்டது. கிளட்சை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்கவேண்டும். அக்கா இரண்டு நாள் அந்த வண்டிக்கு அடியில்தான் இருந்தார். அட்டையில் முப்பத்தொரு ஓட்டை. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொன்றும் காலி. வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்த லிஃப்டை இறக்கி அதைத் தரையில் வைத்தார்கள். டிங்கர் அதை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். நசுங்கிய தகடுகளைத் தட்டி நிமிர்த்துவது டிங்கரின் தொழில், பேசிக்கொண்டே இருப்பது பழக்கம். திரும்பி வந்தவர் தரையில் எதையோ மிதித்தார்.

"அக்கா! உங்க வண்டி முட்டை போட்டிருக்கு!"

விரல் நீளத்துக்கு ஒரு போல்ட். கார் நின்ற இடத்தில், முன்சக்கரம் இருந்த பக்கமாகக் கிடந்திருக்கிறது. அக்கா கையை நீட்டுவதற்குள் மேஸ்திரி வாங்கிக்கொண்டார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டினார்.

"மூணு நூல் போல்ட். கியர்பாக்ஸுது," என்றார்.

நூல் என்றால் படிக்கிற நூலும் இல்லை, தைக்கிற நூலும் இல்லை. பட்டறையில் நூல் என்பது ஓர் அளவு. ஒரு அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நூல். மூன்று நூல் என்பது ஒன்பதரை மில்லிமீட்டர். அங்குலக் கணக்கு வண்டிகள் ஓய்ந்து மில்லிமீட்டர் வண்டிகள் வந்தபோது, பத்து மில்லிமீட்டர் போல்ட்டையும் மேஸ்திரிகள் பழக்கதோஷத்தில் மூணு நூல் என்றே கூப்பிட்டார்கள். அரை மில்லிமீட்டர்தானே, வாய்க்கு என்ன தெரியப்போகிறது? கியர்பாக்ஸைப் பிடிக்கும் போல்ட்டுகள் பத்து மில்லிமீட்டர். அதனால் மேஸ்திரி சொன்னது அவர் காதுக்குச் சரியாகத்தான் இருந்தது.

முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். போல்ட்டைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு நாளா என்ன பண்ணிட்டிருந்த?"

"எல்லாத்தையும் மாட்டியாச்சு முதலாளி. அட்டையைப் பாருங்க, ஒண்ணுகூட பாக்கி இல்ல."

"அட்டை வந்து எனக்குச் சாட்சி சொல்லுமா? போல்ட் தரையில கிடக்குதே! நான் அப்பவே நினைச்சேன். சில பேர் கை ராசியில்லாத கை. தொட்டாலே ஏதாவது ஒண்ணு மிஞ்சும்."

ராசி! பதினொரு வருஷமாக அந்தக் கை மாட்டிய ஆயிரக்கணக்கான போல்ட்டுகள் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி அந்த ராசிக்கு ஒன்றும் தெரியவில்லை. காரணத்தைத் தேடச் சோம்பல்படுகிறவன் கண்டுபிடித்த வார்த்தைதான் ராசி. அது எப்போதும் சம்பளம் கொடுக்கிறவனின் கையை விட்டுவிட்டு வாங்குகிறவனின் கையில் போய் உட்காரும்.

"அஞ்சு மணிக்கு அந்த நர்ஸம்மா வருவாங்க," என்றார் முதலாளி. "அதுக்குள்ள இந்த போல்ட் எங்க இருந்துச்சுன்னு எனக்குக் காட்டு. காட்டலைன்னா வண்டிய நாளைக்கு மேஸ்திரி பிரிப்பாரு. நீ டூல் பெட்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம். திரும்ப வர வேண்டாம்."

சொல்லிவிட்டு, அடுத்த வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொன்னார். கனமான வேன் ஒன்று. மேஸ்திரி அதைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திவிட்டு அடியில் போய் நின்றார்.

அக்காவுக்குக் கோபத்தைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. ஒருவேளை நாமே விட்டிருந்தால்? கியர்பாக்ஸில் ஒரு போல்ட் குறைந்தால் மற்ற போல்ட்டுகளுக்குப் பாரம் கூடும். ஒரு மாதம் ஓடும், இரண்டு மாதம் ஓடும், பிறகு ஒரு நாள் சாலை நடுவில் அந்த நர்ஸ் கிளட்சில் காலை வைக்கும்போது கியர்பாக்ஸ் ஆடும். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். உயிர் போனால் திரும்பி வருமா?

வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வருவதுதான்.

"சாப்பிட்டியா?"

"இல்ல. ஒரு போல்ட் மிஞ்சிடுச்சு. என்னை வீட்டுக்குப் போகச் சொல்றாரு."

அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் நின்றது. "நீ மாட்டினியா, மாட்டலையா?"

"மாட்டினேன்."

"அப்ப அது வேற யாரோடதோ. சாப்பிட்டுட்டுத் தேடு. வெறும் வயித்துல உனக்குக் கண்ணு தெரியாது, கோபம்தான் தெரியும்."

அவர் சாப்பிடவில்லை. முற்றத்துக்குப் போய் நர்ஸின் காரை ஜாக்கியால் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு அடியில் படுத்தார். அட்டையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத மேல்பக்கத்து போல்ட்டுகளைக் கைக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார், விரலால் தொட்டார், ஸ்பேனர் வைத்து அசைத்தார். முப்பத்தொன்றும் இருந்தன. ஒன்றுகூடத் தளரவில்லை.

வெளியே வந்து வேனுக்கு அடியில் நின்ற மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். "முப்பத்தொண்ணும் இருக்கு மேஸ்திரி."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். ஒண்ணு தொலைஞ்சுதுன்னு டப்பாவுல இருந்து வேற ஒண்ணை எடுத்துப் போட்டிருப்ப. தொலைஞ்சது இப்ப வெளிய வந்திருச்சு."

"டப்பாவுல கைய விடுறது நானா? நீங்களா?"

டிங்கர் சிரித்துவிட்டார். மேஸ்திரிக்கும் உதடு கோணியது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. நாற்பது வருஷமாகத் தான் சொன்னதே சரி என்று கேட்டுப் பழகிய மனிதர். அந்த வியாதி நல்லவர்களுக்கும் வரும்.

மணி இரண்டே முக்கால். அக்கா மேஸ்திரியிடமிருந்து அந்த போல்ட்டை வாங்கி டீசலில் போட்டுக் கழுவினார். பழைய துணியால் துடைத்தார். மேஜை விளக்குக்குக் கீழே பிடித்தார். கியர்பாக்ஸ் போல்ட் என்றால் இத்தனை வருஷ எண்ணெய்க் கறுப்பு மரைக்குள் ஏறியிருக்கும். இதில் மஞ்சள் கிரீஸ்தான் இருந்தது. தலைக்கு அடியில் நகக்கண் அளவுக்கு நீலப் பெயின்ட். நர்ஸின் கார் வெள்ளை. அடியிலும் உள்ளேயும் எங்கேயும் நீலம் கிடையாது.

ஸ்பேனரை எடுத்தார். கியர்பாக்ஸ் போல்ட்டுகளுக்குப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர். அது இந்தத் தலையில் ஏறவில்லை. பதினைந்தாம் நம்பர் ஏறியது, ஆனால் தொளதொளவென்று ஆடியது.

"மேஸ்திரி, பதினாலு ஏறல. பதினஞ்சு ஆடுது."

வேனுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "தலை தேஞ்சிருக்கும்!"

"தேஞ்சா சின்னதாகணும். இது பெருசாகியிருக்குதே. சாப்பிட்டுக் குண்டாயிருச்சா?"

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். வேடிக்கை சூடுபிடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா தலையின் மேல்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினார். மனிதனுக்குத் தலையெழுத்து என்று ஒன்று இருப்பதாகச் சொல்லித்தான் இந்த உலகத்தில் எத்தனை அநியாயங்களை நியாயமாக்கியிருக்கிறார்கள்! எந்த மண்டையோட்டிலும் யாரும் எதையும் எழுதவில்லை. ஆனால் போல்ட்டுக்குத் தலையெழுத்து உண்டு, நிஜமாகவே உண்டு. எழுதுவது ஆலையின் அச்சு. மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் அதன் பலத்தைச் சொல்லும் எண் இருக்கும். அங்குல போல்ட்டின் தலையில் எண் இருக்காது, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கோடுகள் இருக்கும். கண்ணும் வெளிச்சமும் உள்ள யாரும் படிக்கலாம். இதில் மூன்று கோடுகள்.

கடைசியாக ஒரு சோதனை. கியர்பாக்ஸ் போல்ட்டுக்குரிய புது நட்டு ஒன்றை எடுத்துச் சுற்றினார். இரண்டு சுற்று இறங்கி நின்றுவிட்டது.

"ஏறுதே அக்கா!" என்றார் டிங்கர்.

"வாசல் வரைக்கும் வந்திருக்கு. உள்ள வரமாட்டேங்குது. இது இந்த வீட்டு ஆளே இல்ல."

தன் பெட்டியின் அடியில் துணியில் சுற்றியிருந்த ஒரு பொருளை எடுத்தார். தையல் ஆலைக் காலத்து மரை அளவி. பேனாக்கத்திபோல மடங்கும் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பப் பல். அங்குலத்துக்குப் பதினாறு மரை என்று எழுதிய தகடு அந்த போல்ட்டின் பள்ளங்களில் வெளிச்சம் புகாமல் உட்கார்ந்தது.

மேஸ்திரி சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. அது மூணு நூல் போல்ட்தான். நிஜமான மூணு நூல். அதனாலேயே அது அந்தக் காருடையதாக இருக்க முடியாது. மில்லிமீட்டர் கணக்கில் செய்த அந்தக் காரில் அங்குல போல்ட் ஒன்றுகூடக் கிடையாது.

முதலாளியின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்துக் காட்டினார். முதலாளி கேட்டார், ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"கார்ல இருந்து இல்ல, சரி. அப்ப எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்து குதிச்சுதா?"

கிண்டலாகத்தான் கேட்டார். அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கார் நின்ற இடம், அதற்கு இரண்டு பக்கமும் லிஃப்டின் தூண்கள், தூண்களிலிருந்து நீளும் நான்கு இரும்புக் கைகள், கைகளின் மேல் அந்த வேன். வேனுக்கு அடியில் மேஸ்திரியின் வழுக்கைத் தலை. லிஃப்ட் பழையதாக இறக்குமதி செய்தது. அதன் போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கில்தான் இருக்கும். சிவப்புப் பெயின்ட். ஆனால் பெயின்ட் அடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அதற்கு முன்பு அது நீலம்.

"ஆமா முதலாளி," என்றார். "மேல இருந்துதான் குதிச்சிருக்கு."

அறையை விட்டு வெளியே வந்தபோது அவர் ஓடவில்லை. சத்தமாக மட்டும் சொன்னார். "மேஸ்திரி, வெளிய வாங்க."

"இரும்மா, இந்த ஒரு நட்டை..."

"அண்ணே! விட்டுட்டு வாங்க!"

பதினொரு வருஷத்தில் அக்கா அவரை ஒருமுறைகூட அண்ணே என்று கூப்பிட்டதில்லை. ஸ்பேனரை நட்டிலேயே தொங்கவிட்டுவிட்டு மேஸ்திரி வெளியே வந்தார். அப்புறம் யாரும் அவசரப்படவில்லை. வேனின் முன்பக்கமும் பின்பக்கமும் உயரமான ஸ்டாண்டுகளைத் தூரத்திலிருந்து தள்ளி முட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். முதலாளியே பொத்தானை அழுத்தினார். வேனின் சக்கரங்கள் தரையைத் தொட்டபோது யாரோ பெருமூச்சு விட்டார்கள். எல்லாருமே விட்டார்கள் என்று டிங்கர் பின்னால் சொன்னார்.

வேனை வெளியே தள்ளியதும் அக்கா தரையில் படுத்து இடதுபக்க முன் கையின் அடியைப் பார்த்தார். இந்தக் கைகள் பக்கவாட்டில் திரும்பக்கூடியவை. வண்டிக்கு ஏற்ப இடம் பார்த்து வைத்ததும் அங்கேயே பூட்டிக்கொள்ள ஒரு பல்வளையம் உண்டு. அந்த வளையத்தைக் கையோடு பிடித்திருப்பவை மூன்று போல்ட்டுகள். ஒரு துளை காலியாக இருந்தது, மரை பளபளவென்று மின்னியது. இன்று கழன்றது அது. பக்கத்துத் துளையும் காலி, அதற்குள் கிரீஸும் தூசியும் அடைத்துக் கல்லாகியிருந்தன. அது எப்போது போனதோ, எந்தக் குப்பையோடு போனதோ. மூன்றாவது போல்ட் இருந்தது. அக்கா விரலால் திருகினார். சுற்றியது.

கையிலிருந்த போல்ட்டைக் காலித் துளையில் வைத்தார். கடைசி வரை இறங்கியது. திரும்பக் கழற்றினார். வளையம் விலகி ஒரு பக்கமாகத் தொங்கியது. எழுந்து அந்த இரும்புக் கையை ஒரே விரலால் தள்ளினார். நன்றாக எண்ணெய் போட்ட கதவுபோல அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

மேஸ்திரி பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நாளா நீ இதுக்கு அடியிலதான் நின்ன," என்றார்.

"இன்னிக்கு மதியத்துல இருந்து நீங்க நின்னீங்க."

"மூணு நூல்னு நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாச் சொன்னீங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

"நூலும் அட்டையும் சேர்ந்தா புத்தகம்," என்றார் டிங்கர், பயம் தெளிந்த குஷியில். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு எழுதுங்க." மேஸ்திரி அவரை அடிக்கக் கை ஓங்கினார், பாதியில் சிரித்துவிட்டார். சிரிப்பு அப்புறம் நிற்கவே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். தப்பிவிட்டோம் என்று உடம்புக்குத் தெரிந்தபின் வரும் சிரிப்பு அது.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. தூணின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று தேதி போட்ட ஒரு ஸ்டிக்கர் அங்கே ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டித்தான் இருந்தது. அதன் மேலேயே சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அக்கா நகத்தால் சுரண்டினார். நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"இவ்வளவு நாளும் ஒண்ணும் ஆகலையே," என்றார் முதலாளி, யாரிடமோ சொல்வதுபோல.

கேட்டீர்களா? இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகவில்லையாம். உலகத்தில் நடந்த ஒவ்வொரு விபத்துக்கும் முந்தின நாள் வரை ஒன்றும் ஆகவில்லைதான். சோதனைக்கு ஒரு நாள் பட்டறையை மூட மனம் வராதவர், லிஃப்ட் பளிச்சென்று இருக்கட்டும் என்று பெயின்ட் அடிக்க இரண்டு நாள் மூடியிருந்தார். அந்தப் பளபளப்புக்கு அடியில் நின்றவர்கள் அவர் இல்லை. நின்ற ஒருத்தியைத்தான் ராசியில்லாதவள் என்றார்.

மணி நாலரை. அக்கா முதலாளிக்கு எதிரே போய் நின்றார்.

"அஞ்சு மணிக்குள்ள காட்டச் சொன்னீங்க. காட்டிட்டேன். இப்ப நான் வீட்டுக்குப் போகணுமா?"

"அட, அதை விடும்மா. ஏதோ டென்ஷன்ல சொன்னேன்."

"விட மாட்டேன். அட்டைன்னு பேரு வெச்சது நீங்கல்லாம்தானே." சுவரோரம் போய் லிஃப்டின் மின்பெட்டியைத் திறந்து, ஃபியூஸை உருவித் தன் மேல்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "சோதிக்கிற ஆள் வந்து நாலு கையையும் பிரிச்சுப் பார்க்கட்டும். எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம்தான் இது திரும்பி வரும். அது வரைக்கும் தரையில செய்யிற வேலையச் செய்வோம்."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். நாற்பது வருஷ அனுபவம் தன் பக்கம் பேசும் என்று எதிர்பார்த்திருப்பார்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றார் மேஸ்திரி. "ஃபியூஸை வேணும்னா நான் வெச்சுக்கிறேன். என் பையில ஓட்டை, அதான் அவகிட்ட இருக்கட்டும்னு பார்க்கிறேன்."

ஐந்து மணிக்கு நர்ஸ் வந்தார். அவரே வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கிளட்ச் வெண்ணெய்போல இறங்குவதாகச் சொன்னார். எல்லார் முகமும் ஒரு மாதிரி இருப்பதைக் கவனித்துவிட்டு, "ஏதாச்சும் பிரச்சனையாக்கா?" என்று கேட்டார்.

"உங்க வண்டியில இல்ல சிஸ்டர்," என்றார் அக்கா. "தைரியமா ஓட்டுங்க."

சொன்னபோதுதான் அவருக்குப் பசித்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஆறிப்போனதை, வாசற்படியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். "அது என்னுது இல்ல," என்றார். "நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் அவர்.

மூன்றாம் நாள் சோதிப்பவர் வந்தார். நான்கு கைகளில் இரண்டில் போல்ட் குறைவு என்று எழுதினார். புது போல்ட்டுகள் போட்டார்கள். புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஃபியூஸ் திரும்பி வந்தது. முதலாளி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ராசி என்ற வார்த்தையை அந்தப் பட்டறையில் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. அக்கா இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறார். மேஸ்திரி இப்போது லிஃப்டுக்கு அடியில் போவதற்கு முன் நான்கு கைகளையும் விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறார். கிண்டல் செய்தால், "எனக்கென்ன, சும்மா பழக்கம்," என்கிறார்.

உங்களிடம் வண்டி இருக்கலாம். ஒரு நாள் அதைப் பழுது பார்க்க ஒரு பட்டறைக்குக் கொண்டு போவீர்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன், எப்போது முடியும் என்று கேட்பதற்கும் முன், அந்த லிஃப்டைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். நீங்கள் வாடிக்கையாளர், உங்களை வீட்டுக்குப் போ என்று அவரால் சொல்ல முடியாது. அடியில் நிற்கப்போகிறவரால் கேட்க முடியாததை நீங்கள் கேட்கலாம். தேதி தாண்டியிருந்தால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஏன் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.